கடைசிப் பந்தி

காலரா கண்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழந்துவிடுவார். கஞ்சித்தண்ணீர் நிறத்தில் பேதி போய்க்கொண்டே இருக்கும். கண் குழிவிழும், நாக்கு வறளும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் நாடி பிடிபடாமல் கிடப்பார். காலரா வார்டுகளில் நடுவே ஓட்டை விட்ட கட்டில் போடுவார்கள். அதன் அடியில் அளவுக்கோடு போட்ட வாளி இருக்கும். வாளியில் எத்தனை லிட்டர் விழுகிறதோ அத்தனையும் நோயாளியின் உடம்புக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வார்டில் வைத்தியம் என்பது முதலில் தண்ணீர்க் கணக்குதான்.

அந்தக் கணக்கை விடாமல் பார்த்துவந்த வேலூர் மருத்துவர்கள், குடலைப் பற்றி நம் எல்லோருக்கும் பயன்படும் ஓர் உண்மைக்கு வந்து சேர்ந்தார்கள். உண்பதில் நம்மால் செரிக்க முடிந்த பங்கு நம்மை வளர்க்கிறது. செரிக்க முடியாமல் மிஞ்சுகிற பங்கு நம்மைக் காக்கிறது.

நலமாக இருப்பவரின் கணக்கை முதலில் பார்ப்போம். குடிப்பதும் உண்பதும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடல் சுரக்கும் நீர் என்று உடம்பே இன்னும் 7 லிட்டரை அதோடு சேர்க்கிறது. ஆக 9 லிட்டர். அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. சுமார் ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வருகிறது. மலத்தோடு வெளியேறுவது நூறு முதல் இருநூறு மில்லி மட்டுமே. 9 லிட்டரில் ஒரு டம்ளர் போக மீதி அத்தனையும் மீட்கப்படுகிறது. இது தினமும் நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

காலராக் கிருமியின் நஞ்சு சிறுகுடலின் செல்களைப் பிடித்து, உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் ஒரு வாசலை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை. சிறுகுடல் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது சோடியத்தையும் கூடவே இழுக்கிறது. சோடியம் போகும் இடத்துக்கு நீரும் போகும். இந்த ஜோடிப் பயணத்தை 1960இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் எடுத்துச் சொன்னார். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீருக்கு உயிரைக் காக்கும் வலிமை வந்தது இதனால்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லை ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மஹலானபிஸ் தலைமையிலான மருத்துவக் குழு அந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தது. நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் 4 பேருக்கும் குறைவு. இன்று எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உலகெங்கும் பரவியதில் அந்த முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

உயிர் தப்பியது உண்மை. ஆனாலும் பேதி நிற்கவில்லை. ஓ.ஆர்.எஸ். இழந்த நீரை ஈடுசெய்யும், பேதியின் அளவையோ நாட்களையோ குறைக்காது. பெற்ற தாய்க்கு இது பெரிய குழப்பம். மருந்து கொடுத்தும் பிள்ளைக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தால், அந்த மருந்தின்மேல் எப்படி நம்பிக்கை வரும்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் நோய் ஆய்வுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அங்கே பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் இருந்தவர்களும் வேறொரு பக்கம் பார்த்தார்கள். காலரா தாக்குவது சிறுகுடலை. அப்படியானால் பெருங்குடல் என்ன செய்கிறது? தேவைப்பட்டால் ஒரு நாளில் நாலைந்து லிட்டர் நீரை உறிஞ்சும் திறன் அதற்கு உண்டு. ஆபத்துக் காலத்தில் அது ஏன் கைகொடுக்கவில்லை? கடும் வயிற்றுப்போக்கின்போது பெருங்குடலில் இருக்க வேண்டிய சில அமிலங்கள் வெகுவாகக் குறைந்துபோகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அவற்றின் பெயர் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சுவதற்கு இந்த அமிலங்களே துணை.

இவற்றை நம் உடம்பு தயாரிப்பதில்லை. தயாரிப்பவை பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

ஓர் ஆள் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. நம் சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. எண்ணிக்கையில் ஏறக்குறைய சரிக்குச் சரி. பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் வரும், அதில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில் இருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் இவர்கள். வாயும் இரைப்பையும் சிறுகுடலும் உண்டு எழுந்த பிறகு இலையில் எது மிஞ்சுகிறதோ அதுதான் இவர்களுக்கு. சர்க்கரை, மைதா, எண்ணெய் ஆகியவை முதல் பந்திகளிலேயே பெரும்பாலும் காலியாகிவிடும். கடைசிவரை வந்து சேர்வது நம் நொதிகளுக்கு மசியாத பொருள்கள். காய்கறி, கீரை, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து ஒன்று. ‘ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்’ எனப்படும் மசியாத மாவுச்சத்து இன்னொன்று. பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக மாற்றுகின்றன.

வேலூர்க் குழு, அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. காலரா கண்ட 48 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. இரண்டாம் பிரிவினருக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்க்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு, சிறுகுடலில் மசியாத சோள மாவுச்சத்து அதே அளவு. 2000ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் முடிவை வெளியிட்டது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் ஆனது. மசியாத மாவுச்சத்து சேர்ந்தபோது அது சுமார் 57 மணி நேரமாகக் குறைந்தது. சிறுகுடல் கைவிட்ட நீரைப் பெருங்குடல் மீட்டுத் தந்தது. அதற்கு வேண்டிய அமிலத்தைப் பாக்டீரியாக்கள் தந்தன, பாக்டீரியாக்களுக்குத் தீனி போட்டது நம்மால் செரிக்க முடியாத ஒரு மாவு. பிறகு குழந்தைகளிடம் நடந்த சோதனையிலும் இதே போக்கு தெரிந்தது. டாக்காவில், நெடுநாள் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்ததை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. வாழைக்காயிலும் நிறைய இருப்பது மசியாத மாவுச்சத்துதான்.

இத்தனைக்கும் காலரா ஓர் அவசர நேரத்து உதாரணம். இதே கொடுக்கல் வாங்கல் சாதாரண நாட்களிலும் ஓயாமல் நடக்கிறது. பெருங்குடல் சுவரை நெருங்கிப் பார்த்தால் அது புரியும்.

அந்தச் சுவரின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனமான விரிப்பு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும், அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அந்தச் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து, புதியவை முளைக்கின்றன. மேலே சளிப்படலம் இரண்டு அடுக்காகப் பூசியிருக்கிறது. வெளியடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் அதில் தங்கலாம். உள்ளடுக்கு இறுக்கமானது, அங்கே பெரும்பாலும் அவை நுழைய முடிவதில்லை. இந்தச் செல்கள் மற்றச் செல்களைப் போல ரத்தத்தில் வரும் குளுக்கோஸையே நம்பி வாழ்வதில்லை. தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்து பெறுகின்றன. அதாவது, நம் உடம்பின் ஒரு பகுதி பாக்டீரியாக்கள் சமைத்துத் தரும் சாப்பாட்டில் வாழ்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பியூட்டிரேட்டை எரிக்கச் செல்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தத்தில் வரும் ஆக்சிஜனை அவை அங்கேயே செலவழித்துவிடுவதால், குடலின் உட்புறத்துக்கு அது கசிவதில்லை. நமக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் செழிக்கும். சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கோ கொஞ்சம் ஆக்சிஜன் கிடைத்தாலே கொண்டாட்டம். பியூட்டிரேட் குறைந்தால் செல்கள் எரிப்பதைக் குறைக்கின்றன, ஆக்சிஜன் உள்ளே கசிகிறது, வேண்டாதவை பெருகுகின்றன. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் இந்தத் தொடர் விளைவு தெளிவாகத் தெரிந்தது. குடலின் சமநிலை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு வட்டம். பாக்டீரியா செல்லைப் பார்த்துக்கொள்கிறது, செல் பாக்டீரியாவுக்கு ஏற்ற சூழலைக் காக்கிறது. அந்த வட்டத்துக்குள் நாம் வெளியிலிருந்து தரும் முக்கியப் பொருள் நார்ச்சத்து.

தராமல் விட்டால் என்ன ஆகும்? நார்ச்சத்தே இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி எளிதாகச் சுவரை எட்டியது. 2016இல் இந்த ஆய்வு வெளியானது. மனிதர்களிடம் நடந்த ஒரு பரிசோதனை 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். இரண்டு வாரங்களுக்கு இவர்கள் சாப்பாடு அவர்களுக்கு, அவர்கள் சாப்பாடு இவர்களுக்கு. நாளுக்குச் சுமார் 14 கிராம் நார்ச்சத்து உண்டுவந்த அமெரிக்கர்களின் அளவு 55 கிராமுக்கு ஏறியது. அவர்கள் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி கூடியது, அழற்சியின் அறிகுறிகள் தணிந்தன. அமெரிக்கச் சாப்பாட்டுக்கு மாறிய கிராமத்தவரிடம் எல்லாம் தலைகீழ். வெறும் இரண்டே வாரத்தில் இவ்வளவு மாற்றம். குடல் அவ்வளவு விரைவாகக் கெடுகிறது, அவ்வளவு விரைவாகத் தேறவும் செய்கிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு ஆழமானது என்பதற்குத் தாய்ப்பாலே சாட்சி. லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பிரசவித்த உடம்பு தன் சத்தைச் செலவழித்து, பிள்ளைக்கு உணவாகாத ஒன்றை ஏன் சுரக்க வேண்டும்? அது குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா இனத்துக்கான உணவு. அவை வளர்ந்து அமிலம் சுரந்து மற்றக் கிருமிகளை ஒடுக்குகின்றன, குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றலையும் பக்குவப்படுத்துகின்றன. தாய் ஒரே முலையில் இருவருக்குப் பாலூட்டுகிறாள்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, நம் நொதிகளுக்கு எட்டாத வடிவத்துக்கு மாறுகிறது. சூடான சோற்றைவிட ஆறிய சோற்றில் மசியாத மாவுச்சத்து கூடுதல். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் புளித்திருப்பது லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை. பழைய சோறும் சின்ன வெங்காயமும் கடைசிப் பந்திக்கு நல்ல விருந்து, ஏனென்றால் வெங்காயத்தில் இருக்கும் இனுலின் வகை நாரையும் குடல் பாக்டீரியாக்கள் விரும்பி உண்கின்றன. ஒரு கவனம் மட்டும் தேவை. சோற்றைச் சமைத்து வெக்கையில் நெடுநேரம் அப்படியே வைத்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சு உண்டாக்கலாம். சுத்தமான தண்ணீரும் மூடிய பாத்திரமும் கட்டாயம். சர்க்கரை நோயாளிகளும் ஆறிய சோறுதானே என்று அளவு மீறக் கூடாது. சுண்டல், தட்டைப்பயறு, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ் என்று நம் சமையலில் கடைசிப் பந்திக்கான பண்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வந்தது தட்டில். தீட்டிய அரிசி மலையாகக் குவிந்து, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகச் சுருங்கிவிட்டது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமும் மட்டும் உண்டால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

புளித்த உணவுக்கும் தனி இடம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. தயிர், புளிக்கவைத்த காய்கறி போன்றவற்றைப் பத்து வாரம் தாராளமாக உண்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சிக் குறிகள் பல தணிந்தன. நம் ஊரில் தயிரும் மோரும் உயிருள்ள பாக்டீரியாக்களைக் குடலுக்குக் கொண்டுபோகின்றன. இட்லி மாவு அருமையாகப் புளிக்கும். ஆனால் ஆவியில் வேகும்போது அந்தப் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். எளிதான செரிமானமும் கூடிய சத்தும் இட்லியின் நன்மைகள். உயிருள்ள பாக்டீரியாவுக்கு மோர்தான் வழி.

உணவோடு குடலின் கதை முடிவதில்லை. உண்ணும் நேரமும் உண்பவரின் மனமும் அதில் சேர்த்தி. வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் முடிவுவரை ஒரு சுருக்க அலை ஓடி, மிச்சம்மீதியையும் தங்கிய பாக்டீரியாக்களையும் கீழே தள்ளுகிறது. வாயில் ஏதாவது போட்ட உடனே அந்த அலை நின்றுவிடும். நாள் முழுக்க முறுக்கும் பிஸ்கட்டும் கொறித்துக்கொண்டிருப்பவரின் குடலுக்குத் துப்புரவு நேரமே கிடைப்பதில்லை. பசித்துப் புசி என்று பெரியவர்கள் சொன்னதன் உடலியல் இது. குடல் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் உள்ளன. உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் உருவாவது குடலில். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பான்மை, வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. தேர்வுக்கு முந்தைய காலையில் வயிற்றைக் கலக்குவதும், கவலையோடு உட்கார்ந்தால் சோறு இறங்காததும் இந்த இணைப்பால்தான். தூக்கம் கெட்டால் வயிறு கெடும், வயிறு கெட்டால் தூக்கம் கெடும். இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

சமநிலை கெட்டதன் உச்சம் எப்படி இருக்கும் என்பதை ஒரு நோய் காட்டுகிறது. ஆன்டிபயாடிக் எடுத்த சிலருக்கு, நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலே என்ற கிருமி புகுந்து, விடாத பேதியை உண்டாக்குகிறது. அதற்குத் தரும் மருந்தும் ஆன்டிபயாடிக்தான், பலருக்கு நோய் திரும்பத் திரும்ப வரும். நலமான ஒருவரின் மலத்தைச் சோதித்து, கரைத்து வடித்து, குழாய் வழியே நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சையை நெதர்லாந்து மருத்துவர்கள் சோதித்தார்கள். 2013இல் வந்த அவர்கள் முடிவின்படி, ஒரே முறை செலுத்தியதில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வழக்கமான மருந்தில் குணமானவர்கள் 13 பேரில் 4 பேர். பாக்டீரியாக் குடிகளை மீட்டதும் நோய் விலகியது. ஆகவே சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் தானே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வயிற்றுக்குச் செய்யும் பெரிய அநியாயம். மருத்துவர் அவசியம் என்று தந்தால் தவறாமல் எடுக்க வேண்டும். அதோடு விளம்பரத்தைப் பார்த்து ப்ரோபயாட்டிக் மாத்திரையையும் தானே சேர்த்துக்கொள்வது எப்போதும் உதவாது. ஆன்டிபயாடிக்குக்குப் பின் அந்த மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு, சொந்தப் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வு 2018இல் காட்டியது.

நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், வாயு பிரியும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டினால் உடம்பு பழகிக்கொள்ளும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி ஆகியவை இருந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். வீட்டில் எதையும் கூடுதலாகச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நான்கு தலைமுறை நார்ச்சத்துக் குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சில பாக்டீரியா இனங்கள் காணாமல் போயின. நான்காம் தலைமுறைக்கு நல்ல தீனி கொடுத்தும் போனவை திரும்பவில்லை. தாயிடம் இல்லாத பாக்டீரியாவைப் பிள்ளை பெற முடிவதில்லை. மனிதர்களிடமும் தாயின் பாக்டீரியாக்களில் பல பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் பயறும் கீரையும் தட்டில் விழுகிறதா என்று பார்ப்பது, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை. நாளைக்குச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலை இரண்டு கரண்டி கூட்டிப் பரிமாறுங்கள். வாரத்தில் நாலைந்து நாள் ஏதாவது ஒரு பயறை ஊறப்போடுங்கள். இதற்கு மாத்திரை வேண்டாம், பெரிய செலவு வேண்டாம், எந்த வீட்டிலும் இன்றே தொடங்கலாம்.